மேயரின் ஊருக்கு மேல் ஒரு கட்டில்

மணியை அடித்துவிட்டு, பெட்டியைக் காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, முகத்தில் கொஞ்சம் பயணக் களைப்பை வரவழைத்துக்கொண்டு நிற்பாள். கதவைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"வந்துட்டேங்க. பஸ் லேட்டு. பெட்டியை எங்க வைக்கட்டும்?"

அவளை வரச்சொன்ன வீட்டுக்காரர்களே ஒரு நிமிஷம் திகைத்துப்போவார்கள். டேப்பும் பென்சிலுமாக ஒரு டிசைனர் வரப்போகிறார் என்று எதிர்பார்த்தால், வெளியூரிலிருந்து பெரியம்மா வந்த மாதிரி அல்லவா நிற்கிறாள்! ஒரு வீட்டு அம்மாள், இவள் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக் கதவையே சாத்திவிட்டாள். மறுபடியும் மணி அடித்து உள்ளே போக வேண்டியிருந்தது.

குழந்தைகளின் அறையை, விருந்தாளி வந்தால் விருந்தாளிக்கும் ஆகிற மாதிரி வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வேறெதுவும் செய்யமாட்டாள். சமையலறை, பூஜையறை, ஆபீஸ் என்று யார் கேட்டாலும் வேறொருவரின் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். கோடு போடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு மதியம் விருந்தாளியாக இருந்து பார்ப்பது அவள் வழக்கம். அதற்காகவே ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். உள்ளே துணி கிடையாது. டைல்ஸ் துண்டுகளும் ஒரு தடித்த அகராதியும். காலிப் பெட்டியோடு வந்தால் அதை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிடலாம், கனமான பெட்டிக்குத்தான் இடம் எங்கே என்று தெரியும் என்பாள். அந்தப் பெட்டியால்தான் அவளுக்குப் 'பெட்டி அக்கா' என்று பெயர் வந்தது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெட்டியைத் திறந்துபோட்டால் கதவு திறக்குமா? ஈரத் துண்டை எங்கே காயப்போடுவது? மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் காலையில் கைக்கு எட்டுமா, இல்லை ஏதாவது கரடி பொம்மையின் அடியில் கிடக்குமா? படுத்தபடியே விளக்கை அணைக்க முடியுமா? எல்லாவற்றையும் உடம்பால் செய்து பார்ப்பாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, கூரையை வெறித்து, "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு எழுந்து, முட்டியில் ஒரு மெத்தைத் துண்டைக் கட்டிக்கொண்டு, அதே அறையை மண்டி போட்டபடி இன்னொரு சுற்று சுற்றிவருவாள். அது குழந்தையின் சுற்று. பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அந்தச் சுற்றில்தான் தெரியும்: மேசைக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த மிட்டாய்த் தாள்கள், கட்டில் காலில் பென்சிலால் கிறுக்கிய ஒரு பூனை.

அவளுக்கு இந்தப் பித்துப் பிடித்தது ஒரு ரயிலில். எட்டு வயது இருக்கும். பிறந்த வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு அறை. யாராவது விருந்தாளி வந்தால், பிள்ளைகளைச் சாமான் மாதிரி அள்ளி ஹாலில் போட்டுவிடுவார்கள். அவளுக்கு விருந்தாளிகளைப் பிடிக்கும். அவர்கள் வந்தால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கூடும். ஆனால் அவர்கள் போனபிறகு அறைக்குள் நுழைந்தால், அவளுடைய பொருள்கள் எல்லாம் மரியாதையாக ஒரு மூலைக்கு நகர்த்தப்பட்டிருக்கும். தலையணையில் வேறு யாருடைய எண்ணெய் வாசனையோ அடிக்கும். தன் அறைக்கே தான் வந்துபோகிறவள் என்று தோன்றும்.

அப்படியிருக்கும்போது முதல் ரயில் பயணம். பகலெல்லாம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த பலகையை, இருட்டியதும் அப்பா தூக்கிச் சங்கிலியில் மாட்டினார். முதுகுச் சாய்மானம் கட்டிலாகிவிட்டது! அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். "ஏறிப் படு" என்றார் அப்பா. படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதை இன்னொரு தடவை இறக்கி ஏற்றிக் காட்டச் சொன்னாள். அவரும் காட்டினார். மூன்றாவது தடவை கேட்டபோது எதிர் இருக்கைக்காரர், "பாப்பா, நாங்களும் தூங்கணும்ல?" என்றார். அந்த வியப்பு இன்னும் அவளுக்குத் தீரவில்லை. ஒரே பலகை, பகலில் ஒன்று, இரவில் ஒன்று.

படித்து முடித்ததும் சமையலறை அலமாரி செய்யும் கம்பெனி ஒன்றில் படம் வரையும் வேலை. வருஷக்கணக்காக மசாலா டப்பாவுக்கும் குக்கருக்கும் வீடு கட்டிக் கொடுத்தாள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து கணவனிடம் சொன்னாள். கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"குழந்தைங்க ரூம்ல கெஸ்ட் ரூம். இது மட்டும்தான் செய்யப்போறேன்."

"தாராளமா செய்," என்றான் அவன். "முதல் வேலை நம்ம வீட்ல ஆரம்பி. போன வாரம் வந்த என் சித்தப்பா இன்னும் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு இருக்கார்."

அந்த முதல் வேலை இன்றுவரை நடக்கவில்லை. அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஹால் சோபாதான். வாத்தியார் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா ஊருக்கெல்லாம் கட்டில் போடறவங்க. வெறுந்தரை எங்களுக்கு" என்று சொல்லிச் சிரிப்பான்.

எத்தனையோ அறைகள் செய்தாயிற்று. ஆனால் மேயரின் அறையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அவள் குரல் தன்னால் இறங்கிவிடும்.

அந்த வீட்டு அப்பாதான் முதலில் போன் செய்தார். ஒரு மகள், இரண்டாவது படிக்கிறாள். இரண்டு அறை வீடு. அவருடைய அக்காவுக்கு உடம்பு சரியில்லை. மாதம் ஒரு தடவை வெளியூரிலிருந்து வந்து பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, அது உடம்பைப் போட்டு உருட்டி ஓய்கிற வரைக்கும் படுத்திருந்துவிட்டுப் போவாள். அவளுக்கு மகளின் அறைதான். ஆனால் அந்த அறையில் ஒரு சிக்கல்.

"என்ன சிக்கல்?"

"நேர்ல வந்து பாருங்க மேடம். சொன்னா சிரிப்பீங்க."

வழக்கம்போலப் பெட்டியோடு போனாள். வாசலில் நின்றது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண்.

"வந்துட்டேங்க. பஸ் லேட்டு. பெட்டியை எங்க வைக்கட்டும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பெட்டியை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை.

"எங்க ஊருக்குள்ள பெட்டி நுழையாது," என்றாள். "வெளியவே வெச்சிட்டு வாங்க. செருப்பும்."

"பார்த்து நடங்க மேடம்," என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அவங்கதான் மேயர்."

அறையின் நீளச் சுவரை ஒட்டி, தரையில், ஒரு ஊர் இருந்தது.

விளையாட்டுச் சாமான் பரப்பிக் கிடக்கிறது என்றுதான் பெட்டி அக்கா முதலில் நினைத்தாள். பிறகு வழக்கப்படி மண்டி போட்டாள். அதுவும் போதாமல் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். கண்ணுக்கு நேரே ஒரு சாலை நீண்டு போயிற்று. இருபுறமும் தீப்பெட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயலில் கதவு. பற்பசை அட்டைப்பெட்டியில் பள்ளிக்கூடம். பாட்டில் மூடிகளில் தண்ணீர்த் தொட்டிகள். உடைந்த கால்குலேட்டரின் பொத்தான்கள் நடைபாதைக் கல்லாகப் பதிந்திருந்தன. பஸ் ஸ்டாண்டின் கூரை முழுவதும் காலியான மாத்திரை அட்டை. அதன் குமிழ்களில் ஜன்னல் வெயில் பட்டுக் கீழே வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. ஒரு வீட்டு மாடியில் நூல் கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். துணி எல்லாம் நகத்தளவு. குப்பைமேடுகூட இருந்தது. யார் வைப்பார்கள் தன் விளையாட்டு ஊரில் ஒரு குப்பைமேட்டை? நிஜ ஊராக இருந்தால்தானே வேண்டும்!

"இதை எத்தனை நாளா கட்டறீங்க?" என்றாள். தன்னை அறியாமல் மரியாதை வந்துவிட்டது.

"கட்டுவேன். அத்தை வரும்போது இடிச்சிடுவாங்க. திரும்பக் கட்டுவேன்," என்றாள் மேயர். புகார் சொல்லும் குரல் இல்லை. மழை வரும், போகும் என்கிற குரல்.

விஷயம் இதுதான். அத்தைக்காக மடக்குக் கட்டிலை விரிக்க வேண்டுமானால் அந்தச் சுவரை ஒட்டித்தான் விரிக்கலாம். எதிர்ப்பக்கம் குழந்தையின் சின்னக் கட்டிலும் அலமாரியும். ஆகவே மாதம் ஒரு தடவை ஊர் அட்டைப்பெட்டிக்குள் போகும். போன தடவை பஸ் சீக்கிரமே வந்துவிட, அவசரத்தில் அம்மா துடைப்பத்தால் ஒரே வாரு வாரிவிட்டாள். மேயர் அழவில்லை. அத்தை இருந்த நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். அத்தை எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது தம்பியிடம் சொன்னாள்: "இனிமே நான் லாட்ஜ்ல தங்கிக்கறேன்டா. ஆஸ்பத்திரி வாசல்லயே இருக்கு."

"உடம்பு முடியாதவங்களை லாட்ஜ்ல போட்டுட்டு நான் எப்படி மேடம் வீட்ல தூங்கறது?" என்றார் அப்பா. "ஊசி போட்ட ராத்திரி தண்ணி எடுத்துக் கொடுக்கவாச்சும் ஆள் வேணாமா?"

"நான் வேணும்னு செஞ்சேனா?" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. "அண்ணிக்கு நிக்க முடியல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

பெட்டி அக்கா தரையிலிருந்து எழவே இல்லை. யோசித்தாள். முதலில் தோன்றியது எளிதான வழி.

"மேயரே, ஊரை அப்படியே ஒரு பெரிய பலகை மேல ஏத்திடுவோம். அடியில சக்கரம். விருந்தாளி வந்தா உங்க கட்டிலுக்கு அடியில தள்ளிக்கலாம். ஒண்ணும் கலையாது."

மேயர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஊரை யாராவது தள்ளுவாங்களா? உள்ள இருக்கறவங்களுக்கு நிலநடுக்கம் மாதிரி இருக்காது?"

நியாயம்தான். ஊர் நகராது. கட்டிலும் அங்கேதான் வர வேண்டும். அப்படியானால் கட்டில் ஊருக்கு மேலே வர வேண்டும். சுவரோடு நிமிர்ந்து நிற்கிற கட்டில், வேண்டும்போது மெல்லச் சாய்ந்து இறங்கி, ஒரு கூரையையும் தொடாமல் நிற்க வேண்டும். சுவர்ப்பக்கம் கீல் தாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் தாங்க இரண்டு கால் வேண்டும். அந்தக் கால்களை ஊன்றத் தரை வேண்டும். தரையெல்லாம் ஊர்.

"மேயரே, ஒரு விண்ணப்பம். கட்டில் கால் ஊன்ற உங்க ஊர்ல ரெண்டு மனை வேணும். உள்ளங்கை அளவுதான்."

அதற்கு மேயர் உடனே சம்மதிக்கவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டினாள். பூங்காவில் தரமுடியாது, குழந்தைகள் விளையாடுவார்கள். பள்ளிக்கூட வாசலில் கூடவே கூடாது. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்று, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு மனை ஒதுக்கினாள். பெட்டி அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒரு தீப்பெட்டிகூட நகரக் கூடாது," என்றாள் மேயர்.

"நகராது. வாக்குக் கொடுக்கறேன்."

வாக்கு கொடுப்பது சுலபமாக இருந்தது. கணக்குத்தான் கழுத்தை நெரித்தது. கட்டில் உயரமாக இருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் அத்தையால் ஏற முடியாது. தாழ்வாக இருந்தால் அத்தைக்கு நல்லது, ஊர் நசுங்கிவிடும். அத்தைக்கே போன் போட்டாள்.

"அம்மா, நாற்காலில உட்கார்ந்தா உங்க முட்டி தரையிலேருந்து எவ்வளவு உயரம்?"

"டாக்டருங்க கேக்காததை எல்லாம் நீ கேக்கறே," என்று மறுமுனையில் ஒரு சிரிப்பு. "இரும்மா, அளந்து சொல்றேன். என்னோட முட்டி எங்க போயிடப்போகுது."

மேலே அத்தையின் முட்டி, கீழே ஊரின் மிக உயர்ந்த தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் மெத்தை, பலகை, சட்டம் எல்லாவற்றையும் பிழிந்து திணித்தாள். மெத்தையை மெலிதாக்கி, சட்டத்தை மரத்திலிருந்து இரும்புக்கு மாற்றி, கடைசியில் தொட்டியின் உச்சிக்கும் கட்டிலின் அடிப்பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிஞ்சியது. இரண்டு விரல்! அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை.

தச்சருக்குப் படத்தைக் காட்டினாள். பல வருஷமாக அவளோடு வேலை செய்கிறவர்.

"கட்டிலுக்கு அடியில என்ன வருதுக்கா? டிராயரா?"

"ஊர்."

"என்னது?"

"ஊருங்க. ஆளுங்க இருக்காங்க."

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "உங்களோட சேர்ந்து எனக்கும் ஒருநாள் கழண்டுடப்போகுது," என்றார். ஆனால் வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை.

கட்டில் தயாராகி, பொருத்துகிற நாளும் வந்தது. அன்று மாலை அத்தை வருகிறாள். மறுநாள் காலை ஊசி. அப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று லாட்ஜிலும் ஒரு அறை சொல்லிவைத்திருந்தார். ஊரில் கால் படாமல் வேலை செய்ய இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் ஒரு பலகையைப் பாலமாகப் போட்டார்கள். தச்சர் வெறும் காலுறையோடு அதன்மேல் கொக்கு மாதிரி நின்று சுவரில் துளை போட்டார். தூள் விழாமல் கீழே பெட்டி அக்கா குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேயர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கண்காணித்தாள்.

கட்டில் சுவரோடு சுவராக நின்றது. அப்பா ஒரு முனை, தச்சர் ஒரு முனை. "மெதுவா," என்றாள் பெட்டி அக்கா. கட்டிலைத் தாங்கி மெல்ல இறக்குகிற கேஸ் பிஸ்டன் ஒரு பெருமூச்சு விட்டது. கட்டில் சாய்ந்து இறங்கத் தொடங்கியது. கண் கொட்டாமல் எல்லோரும் பார்த்தார்கள். இன்னும் ஒரு சாண்தான் இறங்க வேண்டும்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் மேயர்.

பெட்டி அக்கா தடாலென்று தரையில் படுத்துப் பார்த்தாள். ஊரின் நடுவே, இத்தனை நேரமும் குடையும் பாலமும் மறைத்திருந்த, அவள் முன்பு பார்த்தே இராத ஒரு கட்டடம் நின்றது. ஏழு மாடி. மருந்து அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு மாடிக்கும் ஜன்னல் வெட்டி, தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி எழுந்திருந்தது. கட்டிலின் அடிப்பலகை அதன் உச்சியில் இடிக்கப் பார்த்தது.

"அக்கா, அன்னிக்கு இது இருந்துச்சா?" என்றார் தச்சர், கட்டிலைப் பிடித்தபடி.

"இல்லை," என்றாள். வீட்டில் பீரோவை அளப்பது போல அவள் ஊரை அளந்திருந்தாள். பீரோ வளராது. ஊர் வளரும். தச்சர் பட்டறையில் பலகை இழைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இங்கே மேயர் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இவ்வளவு பெரிய உண்மை தன் மூளைக்கு எட்டவில்லையே!

"அதை மட்டும் எடுத்துடலாமே," என்று அப்பா குனிந்தார்.

மேயர் குறுக்கே வந்து நின்றாள். "நகராதுன்னு சொன்னாங்க."

"ஏய், அத்தை வர நேரமாச்சு," என்றாள் அம்மா. "ஒரு கட்டடம்தானே?"

மேயர் பெட்டி அக்காவை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "யாரும் கை வைக்க வேண்டாம்," என்றாள் பெட்டி அக்கா. "நான் கொடுத்த வாக்கு. கட்டில் காலை உயர்த்தி மாத்திக்கிட்டு வரேன். ஒரு வாரம் டைம் கொடுங்க."

"ஒரு வாரமா? அக்கா இன்னிக்கு வர்றாங்க மேடம்!"

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் மணி அடித்தது. அம்மா ஓடிப்போய்த் திறந்தாள். ஒல்லியான, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அறை வாசலில் வந்து நின்றாள். முழுதும் இறங்காமல் சரிந்து நின்ற கட்டிலையும், அதைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு ஆண்களையும், தரையில் படுத்திருந்த ஒருத்தியையும் பார்த்தாள்.

"என்னடா தம்பி, சினிமா ஷூட்டிங்கா?"

அத்தை புரிந்துகொண்டாள். ஊரைப் பார்த்தாள், மேயரின் முகத்தைப் பார்த்தாள்.

"அதான் சொன்னேன்ல. விடு. நான் லாட்ஜுக்கே போறேன்."

"லாட்ஜ் இங்கயே இருக்கு," என்றாள் மேயர். சத்தமே வராத குரல்.

"எங்க?"

மேயர் ஏழு மாடிக் கட்டடத்தைக் கை காட்டினாள். "அது. நீங்க லாட்ஜுக்குப் போறேன்னு சொன்னீங்களே. எங்க ஊர்ல லாட்ஜ் இல்லை. அதான் கட்டினேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி அக்கா அந்தக் கட்டடத்தை மறுபடியும் பார்த்தாள். அந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் அத்தையின் மருந்துப்பெட்டிகள். ஒவ்வொரு மாடியிலும் தீப்பெட்டித் தட்டில் பஞ்சு மெத்தை வைத்த ஒரு கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் பாசிமணி அளவுக்கு ஒரு தண்ணீர்ச் சொம்பு. இத்தனை அறை செய்தும் இந்தச் சொம்பை அவள் யோசித்ததில்லை.

அத்தை மெல்ல உட்கார முயன்றாள். பெட்டி அக்கா முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து, சாலை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள் அத்தை. இத்தனை மாதமாகக் கட்டிலிலிருந்து பார்த்தவள், இப்போதுதான் ஊருக்குள் வந்தாள்.

"என் ரூம் எது?"

"மேல் மாடி. அங்கேருந்து ஊர் முழுக்கத் தெரியும்."

"லிஃப்ட் இருக்கா?"

மேயர் இதை எதிர்பார்க்கவில்லை. "இன்னும் போடல."

"அப்ப நான் எப்படிம்மா ஏறுவேன்? போன தடவை ஊசி போட்டுட்டு வந்து, உங்க வீட்டு ஒரு மாடி ஏறவே உங்கப்பன் தோள்ல தொங்கினேன். கீழ ஏதாவது ரூம் இருக்கா?"

மேயர் நெற்றியைச் சுருக்கினாள். நிஜமான யோசனை. "கீழ இருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்ட் பக்கம். சத்தமா இருக்கும்."

"சத்தம் இருந்தா நல்லதுதான்," என்றாள் அத்தை. "ஆள் அரவம் இல்லாத இடத்துல தனியா கிடக்கத்தான் எனக்குப் பயம்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை மாதத்தில் அக்கா அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதே இல்லை.

அப்பாவும் தச்சரும் கட்டிலை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, மேயர் மண்டி போட்டாள். லாட்ஜின் மேல் நான்கு மாடிகளை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே இருக்கும் சொம்பு சிந்தாத மாதிரி, ஒரு துளி ஆடாமல் தூக்கினாள். பெரியவர்கள் ஐந்து பேரும் அவள் கையையே பார்த்தார்கள். பூங்காவுக்கு எதிரே இருந்த காலி மனையில் அதை இறக்கி வைத்தாள்.

"அது புதுக் கட்டடம்," என்று அறிவித்தாள். "படி ஏற முடிஞ்சவங்களுக்கு. அத்தைக்குப் பழைய கட்டடம்." பிறகு பெட்டி அக்காவைப் பார்த்தாள். "நான்தான் நகர்த்தினேன். நீங்க நகர்த்தல."

"ஆமாம் மேயரே," என்றாள் பெட்டி அக்கா.

"இறக்கலாமா? கை போயிடும் போல இருக்கு," என்றார் தச்சர்.

கட்டில் இறங்கியது. பெட்டி அக்கா தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை சாய்ந்து சாய்ந்து வந்து, சமமாகி, ஊர் முழுவதற்கும் ஒரே வானமாக நின்றது. இரண்டு கால்களும் மடிப்பிலிருந்து விரிந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்று, குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று என்று, சாக்பீஸ் வட்டத்துக்குள் சத்தமில்லாமல் ஊன்றின. மாடியில் காய்ந்த துணி லேசாக ஆடி அடங்கியது. ஒரு தீப்பெட்டி சரியவில்லை. ஜன்னல் வழியே வந்த சாயங்கால வெயில் கட்டிலுக்கு அடியில் நுழைந்து, சாலைகளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடியது. தான் கோடு போட்ட கட்டில்தான். அதன் அடியில் இப்படி ஒரு மாலை நேரம் இருக்கும் என்று எந்தப் படத்திலும் அவள் வரைந்திருக்கவில்லை.

அத்தையை எழுப்பிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். கால் இரண்டும் சரியாகத் தரையில் படிந்தன, ஊரின் எல்லைக்கு வெளியே. அவள் ஒருமுறை காலை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சாய்ந்தாள்.

"டேய் தம்பி, அந்த லாட்ஜ்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடு."

"என் லாட்ஜையா?" என்று மேயர் பதறினாள்.

"இல்லடி, அந்த இன்னொண்ணை. உன்னோடதுல அடுத்த மாசத்துக்கும் சேர்த்து எனக்கு ரூம் ஒதுக்கி வெச்சிடு. கீழ் மாடி."

"சரி. ஆனா ராத்திரி தண்ணி வேணும்னா என்னை எழுப்புங்க. லாட்ஜ்ல இருக்கற சொம்பு ரொம்பச் சின்னது."

அப்பா போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். பேசி முடித்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார். தச்சர் ஆணிகளைப் பொறுக்கி, காலுறையோடு ஓசையில்லாமல் வெளியேறி, "அக்கா, கிளம்பலாமா?" என்று வாசலிலிருந்து கிசுகிசுத்தார். பெட்டி அக்கா கேட்காத மாதிரி இருந்தாள். மேயருக்குப் பக்கத்தில், கன்னத்தைத் தரையில் வைத்து, இன்னும் படுத்தே இருந்தாள்.

மேலே அத்தை புரண்டு படுத்தாள். பலகை லேசாக முனகியது.

"இடி இடிக்குது," என்றாள் மேயர், ஊரைப் பார்த்தபடியே.

"பயப்பட வேணாம்னு சொல்லு உங்க ஊர் ஆளுங்ககிட்ட," என்று மேலிருந்து தூக்கம் கலந்த குரல் வந்தது. "நான்தான்."

மேயர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாயைக் கொண்டுபோய், அதை அப்படியே சொன்னாள்.